சீனத்து ஸ்கூட்டரும் படுவான்கரை வீதியும்



மட்டக்களப்பு வாவியின் கீழைக் கரையை எழுவான்கரை என்றும், மேலைக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது எங்கள் ஊர் மரபு. ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. நகரமும் கச்சேரியும் பெரிய மருத்துவமனையும் கிழக்கே அமைய, வயலும் குளமும் மேய்ச்சல் தரையும் மேற்கே அமைந்தன. இவ்விரண்டையும் இணைப்பவை சில பாலங்களும் பாதைகளுமே. பாதை என்றதும் பிற மாவட்டத்து நேயர்கள் வீதி என்று பொருள்கொள்ளல் ஆகாது. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் அப்பெயரால் அழைப்போம். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையிலும் பாதையே ஓடியது. வவுணதீவுக்கு வருவோருக்கு வலையிறவுப் பாலம் உண்டு.

ஆயினும், பாலத்தைக் கடந்தவுடன் பயணம் முடிந்துவிடுவதில்லை. அதன்பின்பே ஆயித்தியமலையும் உன்னிச்சையும், அவற்றிலிருந்து கிளைத்துச் செல்லும் கிறவல் வீதிகளும் இருக்கின்றன. பஸ்வண்டி வரும் நேரமும் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமும் ஒத்துப்போவது அரிது. நகர்ப்புறத்திலிருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியர் ஒருவர் இப்பகுதியில் மூன்று ஆண்டு நிலைத்திருப்பாரா, மூன்று மாதத்தில் இடமாற்றம் கேட்பாரா என்பதை அவருடைய கல்வித் தகைமை தீர்மானிப்பதில்லை. அவர் எதில் ஏறி வருகின்றார் என்பதே தீர்மானிக்கின்றது. இதனை முப்பது ஆண்டுக் காலப் பணியில் நான் கண்ணாரக் கண்டிருக்கின்றேன். ஆகையினாலேதான் வரலாறும் தமிழும் படித்துப் பட்டம் பெற்ற நான், எனக்குச் சற்றும் உரிமையில்லாத இயந்திரத் துறையைப் பற்றி இன்று பேசத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலைக்கு இளம் ஆசிரியை ஒருவர் முதல் நியமனம் பெற்று வந்தார். கணிதம் கற்பிப்பவர். கணிதத்துக்கு ஆசிரியர் கிடைப்பது எங்கள் பக்கத்தில் மழைக்காலத்து வெயிலைப் போன்றது. அவர் தம் சேமிப்பையும் தாயாரின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, சீனத்தில் செய்யப்பட்ட மலிவு விலை ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். எட்டு மாதம் வண்டி நன்றாகவே ஓடியது. ஒருநாட் காலை, வீடோ கடையோ இல்லாத ஓரிடத்தில், எஞ்சின் உரத்து முழங்கிற்று, சக்கரம் சுழலவில்லை. அவர் வண்டியை உருட்டிக்கொண்டே நான்கு கிலோமீற்றர் நடந்து, இரண்டாம் பாடவேளை முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தார். வண்டியை விற்ற கடைக்காரரோ, அவ்வகை வண்டிக்கு உதிரிப்பாகம் இப்போது வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார். மறுநாள் இடமாற்ற விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. அதனை மேலிடத்துக்கு அனுப்பாமல் ஒரு வாரம் இழுப்பறையில் வைத்திருந்தேன். அது முறையன்று என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வாரத்தில் நான் கற்றவற்றையும், அதன்பின் கற்றவற்றையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில் ஸ்கூட்டர் என்பது யாது? 1946ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா என்னும் வண்டியை வெளியிட்டது. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியிற் குளவி. அதனை வரைந்த கொராடினோ தஸ்கானியோ என்பவர் விமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். எண்ணெய் தெறித்து உடை அழுக்காவதையும், காலைத் தூக்கிப்போட்டு ஏறுவதையும் தவிர்க்கவேண்டும் என்று கருதி, எஞ்சினைப் பின்னே ஒளித்து, முன்னே காலை வைக்கத் தட்டையான இடம் விட்டார். போரில் நொடிந்துபோன நாட்டின் சாதாரண மக்களுக்காகப் பிறந்த அவ்வடிவமே இன்று சேலை உடுத்த நம் ஆசிரியைகளுக்கும் பொருந்தி நிற்கின்றது.

வெஸ்பாவிற் கையினாற் கியர் மாற்றவேண்டும். இக்கால ஸ்கூட்டர்களில் அவ்வேலையும் இல்லை. கியருக்குப் பதிலாக இறப்பர்ப் பட்டி ஒன்று இரண்டு கப்பிகளின்மேல் ஓடுகின்றது. இப்பட்டியைத்தான் பெல்ட் என்கின்றோம். ஒவ்வொரு கப்பியும், இரண்டு கிண்ணங்களை முதுகோடு முதுகாக வைத்தாற்போன்ற அமைப்புடையது. முன்கப்பியினுள்ளே ஆறு சிறு உருளைகள் உள. எஞ்சின் விரைந்து சுழலும்போது அவ்வுருளைகள் வெளிப்புறமாக வீசப்பட்டு, கிண்ணங்களை ஒன்றோடொன்று நெருக்குகின்றன. இடைவெளி குறுகவே பெல்ட் கப்பியின் விளிம்பை நோக்கி ஏறுகின்றது. பெல்டின் நீளம் மாறாதல்லவா? எனவே பின்கப்பியில் அது உள்நோக்கி இறங்குகின்றது. வண்டி புறப்படுகையிற் சிறிய வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்கு வலுச் செல்கின்றது. வேகம் ஏறியபின் பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்துக்குச் செல்கின்றது. சைக்கிளிற் கியர் மாற்றிய மாணவன் இதனை உடனே விளங்கிக்கொள்வான். ஒல்லாந்து நாட்டு டாஃப் நிறுவனம் 1958ஆம் ஆண்டிலே காரொன்றில் இம்முறையைப் புகுத்தியது.

எங்கள் ஆசிரியையின் வண்டியில் அறுந்தது இந்தப் பெல்ட்தான். அது திடீரென அறுவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே அறிகுறி காட்டும். தேயத் தேய அகலம் குறையும். குறைந்ததும் அது கப்பியின் விளிம்புவரை ஏற இயலாமற் போகும். ஆகவே வண்டியின் உச்ச வேகம் சிறிது சிறிதாகக் குறையும். உருளைகள் ஒருபுறம் தேய்ந்து தட்டையானால், புறப்படும்போது வண்டி துள்ளும். இவை தோன்றும்போதே பக்கமூடியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். எங்கள் கிறவற் புழுதியில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்ப்பது நன்று. 10,000 கிலோமீற்றர் அளவிற் புதிய பெல்ட் போட்டுவிடுவது அதனினும் நன்று.

உதிரிப்பாகம் வருவதில்லை என்று கடைக்காரர் கூறினார் என்றேன். அங்கேதான் நான் கற்ற பெரும்பாடம் இருந்தது. சீனத்தின் சிறு தொழிற்சாலைகள் பல, நூற்றுக்கணக்கான பெயர்களில் ஸ்கூட்டர்களை விற்றபோதிலும், அவற்றுட் பெரும்பாலானவற்றின் எஞ்சின் ஒரே வடிவத்தது. ஜப்பானின் ஹொண்டா வடிவமைப்பிலிருந்து தோன்றித் தைவான் வழியாகப் பரவிய அவ்வெஞ்சினை ஜீ-வை-சிக்ஸ் என்பர். எஞ்சினின் அடிப்பாகத்தில் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். 139 என்று தொடங்கினால் ஒரு சிலிண்டர், 39 மில்லிமீற்றர் விட்டம். அது 50 சீசீ எஞ்சின். 152 என்று தொடங்கினால் விட்டம் 52 மில்லிமீற்றர்; 125 சீசீ. 157 என்றால் 57 மில்லிமீற்றர், 150 சீசீ. பெல்டின் முதுகிலும் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 743, 20, 30 என்பது ஓர் எடுத்துக்காட்டு: நீளம் 743 மில்லிமீற்றர், அகலம் 20 மில்லிமீற்றர், ஓரச் சாய்வு 30 பாகை. வண்டியின் வர்ணத்தையும் பெயரையும் சொல்லிக் கேட்டபோது கிடைக்காத பெல்ட், இம்மூன்று எண்களைச் சொல்லிக் கேட்டபோது நகரத்து உதிரிப்பாகக் கடையொன்றில் அரைமணி நேரத்திற் கிடைத்தது. எங்கள் கணித ஆசிரியைக்கு இந்த எண்களின் மேல் அன்றிலிருந்து ஒரு பற்று உண்டாயிற்று.

ஆகவே வாங்கப் போகும்போது, வண்டியின் பெயரைவிட எஞ்சினின் இலக்கத்தையே முதலிற் கேளுங்கள். புதிய வண்டிகளிற் சில, கார்புரேற்றருக்குப் பதிலாக மின்னணு முறையில் எரிபொருள் தெளிப்பவை. அவற்றுக்குரிய கருவிப்பெட்டி பழுதானால் ஊர்க் கராஜில் ஒன்றும் செய்ய முடியாது. அத்தகைய வண்டியை, உதிரிப்பாகம் தருவதாக எழுத்தில் உறுதி தரும் முகவரிடமிருந்தன்றி வாங்கலாகாது.

சீனத்துப் பொருள் என்றாலே மட்டம் என்று சொல்வாரும் உளர். விலை குறைவாயின் எதுவும் நன்றே என்பாரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல. வியட்நாம் நாட்டில் 2000ஆம் ஆண்டையொட்டிச் சீன மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம்போல் வந்திறங்கின. ஜப்பானிய வண்டியின் விலையிற் பாதிக்கும் குறைவு. அதுவரை வண்டியையே எண்ணிப்பாராத ஏழை மக்கள் வாங்கினார்கள். பின்னர் பழுதும் உதிரிப்பாகக் குறையும் வெளிப்பட, மனம் மாறினார்கள். ஹொண்டா நிறுவனம் 2002ஆம் ஆண்டில் விலையைக் குறைத்து வேவ் அல்பா என்னும் வண்டியை அங்கே வெளியிட்டது. அவ்விலை குறைந்தமைக்குச் சீனத்து உறுப்புகளும் ஒரு காரணம் என்பதை நேயர்கள் கவனிக்க. அதற்கு முந்திய ஆண்டில், தன் வடிவத்தைப் பிரதிசெய்து வந்த சீன நிறுவனம் ஒன்றோடேயே ஹொண்டா கூட்டுச் சேர்ந்தது! எனவே குறை நாட்டில் இல்லை. விலைக்கு ஏற்ப எதனைக் குறைத்தார்கள் என்பதிலேயே இருக்கின்றது.

மலிவு வண்டியில் எஞ்சினைப் பெரும்பாலும் குறைப்பதில்லை. குறைப்பவை, இறப்பர்க் குழாய், திருகாணி, மின்கம்பி இணைப்பு, ரயர், பற்றரி, வர்ணத்தின் அடிப்பூச்சு ஆகியவற்றை. இவை எல்லாம் சிறு செலவில் மாற்றக்கூடியவை. புதிய வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே, நம்பத்தகுந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு எல்லா நட்டுகளையும் இறுக்கிக்கொள்ளுங்கள். சக்கர அச்சு, பிரேக், கைபிடி ஆகிய மூன்றையும் அவர் இறுக்குகையில் நீங்களும் அருகே நில்லுங்கள். பெற்றோல் குழாயை நல்லதாக மாற்றிவிடுங்கள். முதலில் ஊற்றிவரும் எஞ்சின் ஒயிலை 300 முதல் 500 கிலோமீற்றருக்குள் வடித்துவிடுங்கள். புதிய எஞ்சினில் உராய்ந்து விழும் உலோகத்தூள் அதிலே மிதக்கும். அதன்பின் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இவ்வெஞ்சின்களில் ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் ஒயிலே கொள்ளும். அதில் 200 குறைந்தால் காற்பங்கு போய்விட்டது என்பது பொருள். வாரத்துக்கு ஒருமுறையேனும் அளவுகோலை எடுத்துப் பார்க்கச் சோம்பற்படுவோர் ஸ்கூட்டர் வாங்காதிருப்பது நலம்.

இனிக் காற்று வடி. கிறவல் வீதியில் முன்னே ஓர் உழவு இயந்திரம் சென்றால், பின்னே வருவோர் புழுதியைத்தான் சுவாசிக்கின்றோம். எஞ்சினும் அதையே சுவாசிக்கின்றது. பஞ்சு வடியாயின் மாதந்தோறும் சவர்க்கார நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, சில துளி ஒயில் தடவிப் போடவேண்டும். கடதாசி வடியாயின் கழுவலாகாது, மாற்றவேண்டும்.

வாவிக் கரையில் வாழ்வோருக்கு மற்றொரு பகை உப்புக்காற்று. மலிவு வண்டியின் சட்டகத்தில், குழாய்கள் பற்றவைக்கப்பட்ட மூட்டுகளிலேதான் துரு முதலிற் பிடிக்கும். வாரம் ஒருமுறை நன்னீரிற் கழுவித் துடைத்து, அடிப்புற மூட்டுகளிற் சிறிது கிரீஸ் பூசுங்கள். பழைய வண்டியை வாங்குவோர் இருக்கையின் அடியிலும், காற்பலகையின் அடியிலும் விளக்கடித்துப் பாராமல் முற்பணம் கொடுக்கவேண்டாம். மேலே புது வர்ணம் மின்னுவதைக் கண்டு மயங்குவோர் பலர்.

மாரியிலே எங்கள் வீதிகள் நீரில் மூழ்குவது நேயர்கள் அறிந்ததே. 2011ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பார் எவரும் மறவார். ஸ்கூட்டரின் பெல்ட் அறை தாழ்வானது. சக்கரத்தின் பாதியளவு நீரில் இறக்கினால், அறைக்குள் நீர் புகுந்து பெல்ட் வழுக்கும்; நடுநீரில் வண்டி நின்றுவிடும். காற்று வடிக்குள் நீர் புகுந்துவிட்டாலோ, ஸ்டார்ட்டரை அழுத்துவதே எஞ்சினுக்குக் கேடு. இறங்கி உருட்டுவதில் வெட்கம் இல்லை.

விளக்கைப்பற்றியும் ஒரு சொல். இவ்வகை வண்டிகள் பலவற்றில் முன்விளக்கு பற்றரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்தே அது ஒளிரும். வேகத்தைக் குறைத்தால் ஒளியும் மங்கும். நகரத்தில் இது பெரிய குறையன்று. மாலை மங்கியபின் யானை இறங்கும் எங்கள் காட்டோர வீதிகளில், மெதுவாகச் செல்லவேண்டிய இடத்திலேயே வெளிச்சம் குறைவது எத்தகைய ஆபத்து என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மேலதிக வகுப்பு வைக்கும் ஆசிரியைகளை ஐந்து மணிக்கு முன் அனுப்பிவிடுவது என் வழக்கம். பெற்றோர் சிலருக்கு இதில் மனக்குறை உண்டு.

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். 2020ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிகளின் விலை ஏறியது கொஞ்சமன்று. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுக்கப்பட்ட நாட்களையும் நாம் கண்டோம். இத்தகைய ஏற்றத்தாழ்வுக்கிடையே லீசிங் முறையில் வாங்குவோர், மாதத் தவணை எவ்வளவு என்று மட்டுமே கேட்கின்றனர். தவணையை மாதங்களின் எண்ணிக்கையாற் பெருக்கி, முற்பணத்தைக் கூட்டிப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் வீதம் 48 மாதம் என்றால் 720,000 ரூபாய். முற்பணம் 150,000 என்றால் மொத்தம் 870,000. கடையில் எழுதியிருந்த விலை ஆறு இலட்சமாயின், மிகுதி இரண்டு இலட்சத்து எழுபதினாயிரம் எதற்கு என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். சம்பளத்தின் நான்கில் ஒரு பங்குக்குமேல் தவணை போகுமாயின், ஓராண்டு பொறுத்துச் சேமித்துப் பழைய வண்டி வாங்குவதே என் கருத்து.

பழைய வண்டி வாங்குவோர் பதிவுச் சான்றிதழில் உள்ள சட்டக இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வெற்றுப் படிவத்திற் பழைய உரிமையாளரின் கையொப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டும் வழக்கம் எங்கும் உண்டு; கையொப்பமிட்டவர் வெளிநாடு சென்றபின் அல்லது காலமானபின் அவதிப்படுவார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையை உடனே மாற்றிக்கொள்ளுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 100 சீசீக்கு மேற்படாத வண்டிக்கு ஒரு வகுப்பு, மேற்பட்டதற்கு வேறு வகுப்பு. சிறிய வண்டியின் பத்திரத்தை வைத்துக்கொண்டு 125 சீசீ ஸ்கூட்டரை ஓட்டுவோர், விபத்து நேர்ந்தபின்னரே இவ்வேறுபாட்டை அறிகின்றார்கள்.

அண்மையில் மின் ஸ்கூட்டர்களும் சீனத்திலிருந்து வருகின்றன. விற்பவர் சிலர், இதற்குப் பதிவும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம் என்று ஆசை காட்டுவர். திணைக்களத்தில் நேரிற் கேட்டறியாமல் அச்சொல்லை நம்பி வாங்கவேண்டாம். மலிவானவற்றில் 12 வோல்ற் ஈயப் பற்றரிகள் ஐந்து இருக்கும். ஒவ்வொன்றும் 20 அம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 1,200 வாற்று-மணி. அதாவது ஒன்றேகால் யூனிற்றுக்கும் சற்றுக் குறைந்த மின்சாரம். நல்ல வீதியில் நாற்பது கிலோமீற்றர் ஓடலாம். எதிர்க்காற்றிலும் கிறவலிலும் முப்பதே எதிர்பாருங்கள். முற்றாகத் தீரும்வரை ஓட்டினாலும், தீர்ந்த நிலையிற் பல நாள் விட்டாலும் ஈயப் பற்றரி விரைவிற் செத்துவிடும். புதிய பற்றரித் தொகுதியின் விலையை வண்டி வாங்கும் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள்ளே பணிபுரிவோருக்கு இவ்வண்டி மிகவும் ஏற்றது. உன்னிச்சைப் பக்கம் போய்வர வேண்டியவருக்கு இப்போதைக்குப் பெற்றோல் வண்டியையே நான் சொல்வேன்.

எங்கள் ஆசிரியை தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொப்பி ஒன்றில் ஒயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், மாற்றிய உறுப்பு ஆகியவற்றை எழுதி வைத்தார். டிசம்பர் விடுமுறைக்கு முன் கார்புரேற்றரிலுள்ள பெற்றோலை வடித்துவிடுவார். தேங்கிய பெற்றோல் பிசினாகி நுண்துளையை அடைத்துவிடும் என்பதைத் தை மாதம் ஒருமுறை அனுபவித்துக் கற்றிருந்தார். மேலும் மூன்றாண்டு எங்களோடு பணிபுரிந்து, முறைப்படி இடமாற்றம் பெற்றுச் சென்றார். செல்லும்போது வண்டியைத் தமக்குப் பின் வந்த ஆசிரியைக்கு விற்றார். அந்தக் கொப்பியையும் கொடுத்தார். அதன் அட்டையிலே 743, 20, 30 என்று சிவப்பு மையினால் எழுதியிருந்தது.